ஒற்றைப் பாதையில் மூன்று வேகங்கள்

பாதை யாருக்குச் சொந்தம்? நடப்பவருக்கா, ஓடுபவருக்கா, சைக்கிளில் வருபவருக்கா? சாதாரண நாள்களில் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை. முன்னால் போகிறவர் சற்று ஒதுங்குவார். பின்னால் வருகிறவர் மணியடிப்பார். தோள் உரசிவிட்டால் ஒரு புன்னகையோடு முடிந்துவிடும். ஆனால் 2020ஆம் ஆண்டில் தோள் உரசுவதே அச்சத்துக்குரிய செயலாகிவிட்டது. அவ்வாண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. நாடெங்கும் கதவுகள் அடைபட்டன. வீட்டைவிட்டு வெளியே வர அனுமதிக்கப்பட்ட ஒரு சில காரணங்களுள் உடற்பயிற்சியும் ஒன்றாகப் பல நாடுகளில் இருந்தது. ஆகவே, அதுவரை உடற்பயிற்சியைக் கனவிலும் நினையாதவர்கள்கூட ஓடும் காலணிகளை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள்!

இக்கட்டுரையில் நாம் லண்டன் மாநகரின் கால்வாய்க்கரைப் பாதை ஒன்றைக் காண்போம். நம் ஊர்க் கடற்கரை இருக்க லண்டனுக்கு ஏன் போகவேண்டும் என்று சிலர் கேட்கலாம். சென்னை மெரினா கடற்கரை 2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்டு, டிசம்பர் 14 அன்றுதான் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. மூடிய இடத்தில் பகிர்ந்துகொள்ள ஒன்றுமில்லை. லண்டனிலோ பாதையைத் திறந்தும் வைக்கவேண்டும், அதில் செல்வோரைக் காக்கவும் வேண்டும். இது கடினமான காரியம். ஆகவே நாம் கற்றுக்கொள்வதற்கும் அங்கேதான் அதிகம் உண்டு.

ரீஜென்ட் கால்வாய் 1820ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. மேற்கே பாடிங்டனிலிருந்து கிழக்கே லைம்ஹவுஸ் வரை ஏறத்தாழ 14 கி.மீ. நீளம். அந்நாளில் படகுகளுக்கு இயந்திரம் கிடையாது. கரையில் நடக்கும் குதிரை நீண்ட கயிற்றால் படகை இழுத்துச் செல்லும். நம் பக்கிங்காம் கால்வாயில் ஆள்கள் கரையிலிருந்து கயிறு கட்டிப் படகை இழுத்த காலத்தைப் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள் இதை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். அந்தக் குதிரைக்காகப் போட்ட பாதைதான் இன்று மக்கள் நடக்கும் பாதை. ஒரு குதிரையும் அதை நடத்திச் செல்லும் ஓர் ஆளும் போனால் போதும் என்று கணக்கிட்டுப் போட்டது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பல இடங்களில் சுவர். பாலங்களின் அடியில் அது மேலும் குறுகிவிடுகிறது.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லவேண்டும். எதிரெதிரே இரண்டு படகுகள் வந்தால் கயிறுகள் சிக்கிக்கொள்ளாவா? சிக்காமல் இருக்க ஒரு குதிரை நின்றுவிடும். அதன் கயிறு தளர்ந்து தண்ணீருக்குள் அமிழும். மற்றப் படகு அமிழ்ந்த கயிற்றின் மேலாகக் கடந்து போய்விடும். பிறகு நின்ற குதிரை மறுபடி நடக்கும். இருவரும் ஒரே நேரத்தில் முன்னேற முயன்றால் இருவருமே சிக்கிக்கொள்வார்கள் என்பதை அந்தப் படகோட்டிகள் நன்கு அறிந்திருந்தார்கள்.

(இந்தக் கால்வாயில் மக்கிள்ஸ்ஃபீல்டு பாலம் என்று ஒன்று உண்டு. 1874 அக்டோபர் 2 அன்று வெடிமருந்து ஏற்றிச் சென்ற படகு அதனடியில் வெடித்துப் பாலம் தகர்ந்தது. படகிலிருந்த மூவர் இறந்தனர். மீண்டும் கட்டியபோது பழைய இரும்புத் தூண்களையே திருப்பி நிறுத்தினார்கள். குதிரைக் கயிறு உரசி உண்டான பள்ளங்கள் அத்தூண்களில் இரு பக்கமும் இருப்பதற்கு இதுவே காரணம். கட்டுரைக்கு இது தேவையில்லைதான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

இனி நோய்க் காலத்துக்கு வருவோம். பிரிட்டனில் 2020 மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நாளுக்கு ஒருமுறை நடக்கலாம், ஓடலாம் அல்லது சைக்கிள் ஓட்டலாம். தனியாகவோ தம் வீட்டாரோடு மட்டுமோ செல்லவேண்டும். பிறரிடமிருந்து 2 மீட்டர் விலகியிருக்கவேண்டும். இதுவே விதி. இரண்டு நாள் கழித்து, கால்வாயை ஒட்டியுள்ள விக்டோரியா பூங்கா, கூட்டம் மிகுந்துவிட்டது என்று மூடப்பட்டது. எண்பது ஹெக்டேருக்கு மேற்பட்ட பரந்த பூங்கா! ஏப்ரல் 11 அன்றுதான் அது மறுபடியும் திறந்தது. பரந்த வெளியை மூடிவிட்டால் மக்கள் எங்கே போவார்கள்? பக்கத்திலிருக்கும் ஒடுங்கிய பாதைக்குத்தான் போவார்கள். பூங்காவை மூடியவர்களின் அக்கறையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அகலமான இடத்தைப் பூட்டிக் குறுகலான இடத்தைத் திறந்து வைத்ததில் விவேகம் குறைவு என்றே எண்ணுகிறோம்.

இதற்குமேல் இன்னொரு சங்கடமும் இருந்தது. அக்கால்வாயில் படகையே வீடாகக் கொண்டு வாழும் மக்கள் உண்டு. கரையோரம் கட்டியிருக்கும் படகின் சன்னலுக்கும் பாதையில் ஓடுகிறவரின் மூச்சுக்கும் இடையே ஓரிரு முழமே தொலைவு. ஆகவே இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை, அருகில் வசிப்போர் மட்டும், அதுவும் குறைவாக, இப்பாதைகளைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டது. ஏப்ரல் மாதத்தில் சில நாள்கள் அந்நாட்டில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பதை நினைத்தால் அந்த வேண்டுகோளின் கனம் விளங்கும். எழுபது வயது கடந்தவர்கள் மிக எச்சரிக்கையாயிருக்கும்படி அறிவுறுத்தப்பட்டிருந்தார்கள். நாள் முழுதும் நான்கு சுவருக்குள் இருந்துவிட்டு, கைத்தடியோடு அரைமணி நேரம் வெளியே வரும் மூதாட்டிக்கும் அந்தப் பாதைதான். மூச்சிரைக்க ஓடிவரும் இளைஞருக்கும் அதே பாதைதான்.

யாருக்கு யாரால் ஆபத்து? எல்லோரும் ஓட்டக்காரரைத்தான் சுட்டிக்காட்டினார்கள். இதைப் பற்றி நாங்கள் பௌதிக வகுப்பில் படித்த சார்புத் திசைவேகத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நடப்பவர் மணிக்கு 5 கி.மீ., ஓடுபவர் 12 கி.மீ., சைக்கிள்காரர் 20 கி.மீ. என்று கொள்வோம். ஒருவருக்கு முன்னால் 2 மீட்டர், பின்னால் 2 மீட்டர், ஆக 4 மீட்டர் அவருடைய காவல் எல்லை. எதிரே வரும் ஓட்டக்காரர் இந்த எல்லையை ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறார். பின்னாலிருந்து வந்தால் 2 விநாடி. சைக்கிள்காரர் பின்னாலிருந்து வந்தால் ஏறத்தாழ 1 விநாடி. இப்போது 4 கி.மீ. வேகத்தில் மெதுவாக நடக்கும் மூதாட்டியை, 5 கி.மீ. வேகத்தில் நடக்கும் மற்றொருவர் முந்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேக வித்தியாசம் 1 கி.மீ. மட்டுமே. அவர் அந்த எல்லைக்குள் 14 விநாடி இருக்கிறார்! ஓட்டக்காரரைக் கண்டு முகம் சுளித்தவர்கள், தாமே பாட்டியின் தோளோடு தோளாக இத்தனை விநாடி நடந்ததை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓடுகிறவர் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுகிறார் என்பது உண்மைதான். கடினமாக ஓடும்போது முகக்கவசம் அணியவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே கூறியிருந்தது. ஆயினும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கத்தானே வேண்டும்? நடப்பவர் இன்னொரு நடப்பவரை முந்தும்போது பத்தடி தூரமாவது வேகத்தைக் கூட்டி, நன்கு விலகிச் செல்வது நல்லது என்பது எங்கள் கணக்கின் முடிவு.

2020 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் பெல்ஜியத்தின் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த பொறியியல் ஆய்வாளர்கள், காற்றோட்டக் கணிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். முன்னால் செல்பவரின் எச்சில் துளிகள் அவருக்குப் பின்னே காற்றில் இழுபடும். ஆகவே விரைந்து நடப்பவருக்குப் பின்னால் 5 மீட்டரும், ஓடுபவருக்குப் பின்னால் 10 மீட்டரும் விலகியிருப்பது நன்று. நேர் பின்னே போகாமல் சற்றுப் பக்கவாட்டில் போவது இன்னும் நன்று என்பது அதன் சாரம். அது துளிகளின் பயணத்தைப் பற்றிய கணிப்பேயன்றி, யாருக்கு நோய் வரும் என்பதைப் பற்றியது அன்று. பிற அறிஞர்கள் சரிபார்க்குமுன்பே அது உலகெங்கும் பரவியதால் ஓட்டக்காரர்கள்மேல் பழி அதிகமாயிற்று. இன்று நமக்குத் தெரிந்தவரை, இந்நோய் பரவியதில் மிகப் பெரும்பகுதி அடைபட்ட அறைகளிலேயே நிகழ்ந்தது. திறந்த வெளியில் ஒரு கணம் கடந்து செல்வதால் நேரும் ஆபத்து மிகச் சிறிது. ஆனால் 2020 ஏப்ரலில் அந்த மூதாட்டிக்கு இது தெரியாது. தெரியாத ஒருவருடைய அச்சத்துக்கு மதிப்புக் கொடுப்பதும் ஒரு கடமையல்லவா?

புனித லூக்காஸ் நற்செய்தியில் வரும் நல்ல சமாரியனின் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் பாதையின் மறுபக்கமாகப் போன இருவரை நாம் கண்டனம் செய்கிறோம். பெருந்தொற்றுக் காலத்திலோ, எதிரே வருபவரைக் கண்டதும் மறுபக்கம் போவதே அன்பின் செயலாயிற்று! ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஒருவன் தன்னைக் காத்துக்கொள்ள விலகினான். மற்றவன் எதிரே வருபவரைக் காக்க விலகுகிறான். கையசைத்து, முகம் பார்த்து, "நீங்கள் முதலில் போங்கள்" என்று நின்றால் அது புரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு குதித்து ஒதுங்கினால், எதிரே வருபவர் தம்மை ஒரு தொழுநோயாளியைப் போல நடத்தியதாகவே எண்ணுவார். தொழுநோயாளரையும் அப்படி நடத்தலாகாது என்பது வேறு விஷயம்.

இடத்தைப் பங்கிட முடியாத இடங்களில் காலத்தைப் பங்கிட்டவர்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் மார்ச் 14 முதல் பெரியவர்கள் உடற்பயிற்சிக்காகக்கூட வெளியே வர இயலவில்லை. சிறுவர் சிறுமியர் ஆறு வாரங்கள் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்து, ஏப்ரல் 26 அன்றுதான் தெருவைக் கண்டனர். மே 2 முதல் நாள் கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. காலை 6 முதல் 10 வரையும், இரவு 8 முதல் 11 வரையும் ஓடுவோரும் சைக்கிள் ஓட்டுவோரும் பிற வயது வந்தோரும். காலை 10 முதல் 12 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் எழுபது வயது கடந்தவர்களும் பிறர் துணை தேவைப்படுவோரும். நண்பகல் முதல் மாலை 7 வரை குழந்தைகள். ஐயாயிரம் பேருக்குட்பட்ட சிற்றூர்களுக்கு இந்தப் பிரிவினை இல்லை. முதியோருக்கென்று தனியே நேரம் ஒதுக்கியது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பாரிஸ் நகரிலோ ஏப்ரல் 8 முதல் காலை 10 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே ஓடுவது தடைசெய்யப்பட்டது. நாள் முழுதும் பரவலாக ஓடக்கூடியவர்கள் நாளின் இரு முனைகளிலும் குவிவார்கள் என்பதை யாரும் ஊகிக்கலாம். கனடாவின் வான்கூவர் நகரத்தார் வேறு வழி கண்டார்கள். அங்குள்ள ஸ்டான்லி பூங்காவில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, அந்தச் சாலையைச் சைக்கிள்களுக்குக் கொடுத்தார்கள்; கடலோரப் பாதை நடப்பவர்களுக்கு விடப்பட்டது.

லண்டன் கால்வாய்க்கு இவையொன்றும் பொருந்தவில்லை. அங்கே தேவைப்பட்டது மணிதான். சைக்கிள் மணியைப் பற்றி இங்கு இரண்டு வார்த்தை சொல்லவேண்டும்; ஏனெனில் நம்முள் பலர் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறோம், நம்முள் பலர் மணியைத் தவறாக அடிக்கிறோம். நடப்பவருக்குப் பின்னால் 5 மீட்டர் வந்தபின் மணியடித்தால், அவருக்குக் கிடைப்பது 1 விநாடி. ஒரு விநாடியில் மனிதர் யோசிப்பதில்லை, துள்ளுவார். எந்தப் பக்கம் துள்ளுவார் என்று அவருக்கே தெரியாது. கால்வாய்க் கரையில் ஒரு பக்கம் தண்ணீர்! அதே மணியை 25 மீட்டர் தொலைவில் அடித்தால் 6 விநாடி கிடைக்கிறது. திரும்பிப் பார்க்கலாம், குழந்தையின் கையைப் பிடிக்கலாம், நாயின் கயிற்றைச் சுருக்கலாம். லண்டன் கால்வாய்க்கரையில் மெதுவாக இரண்டு முறை மணியடிக்கவேண்டும் என்பது பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே சொல்லப்பட்டுவந்த வழக்கம். அடித்தபின் வழி கிடைக்காவிட்டால் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கவேண்டும். மணி என்பது "விலகு" என்ற ஆணை அல்ல, "வருகிறேன்" என்ற செய்தி. அங்கே முதலுரிமை நடப்பவருக்கே.

நடப்பவர்களுக்கும் பங்கு உண்டு. மூவர் கைகோத்துப் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு போவது, இரு காதுகளிலும் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு மணி கேட்கவில்லை என்று சண்டையிடுவது, பாலத்தடியில் நின்று கதை பேசுவது ஆகியவற்றை எந்தச் சைக்கிள்காரர்மேலும் சுமத்த முடியாது. ஓடுகிறவர்கள் பின்னாலிருந்து சத்தமின்றி வருவதையும், பாதையோரம் துப்புவதையும் விடவேண்டும். பாலத்தடியில் மட்டும் மூவருக்கும் ஒரே விதி: முன்னே எட்டிப் பார்த்து, எதிரே ஆள் இருந்தால் வெளியே நின்றுகொள்வது. குதிரைகள் செய்ததுதான்.

2020ஆம் ஆண்டின் கோடையில் பிரிட்டனின் சாலை விதிகளைத் திருத்தப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டு, 2022 ஜனவரி 29 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பிறருக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடியவர் எவரோ அவருக்கே அதிகப் பொறுப்பு என்று அது கூறுகிறது. லாரியைவிடக் கார், காரைவிடச் சைக்கிள், சைக்கிளைவிட நடப்பவர் எளியவர். எளியவருக்கு வலியவர் வழிவிடவேண்டும். பொதுப் பாதையில் சைக்கிளில் செல்வோருக்கும் அதில் தனியே அறிவுரை உண்டு. நடப்பவரை, முக்கியமாகப் பின்னாலிருந்து, ஒட்டியும் வேகமாகவும் கடக்கக்கூடாது, வேகத்தைக் குறைக்கவேண்டும், மணியடிக்கலாம். ஆனால் முன்னே செல்பவர் காது கேளாதவராகவோ பார்வையற்றவராகவோ இருக்கலாம் என்பதையும், அது பார்த்தவுடன் தெரியாது என்பதையும் நினைவில் வைத்து, தேவையானால் நிறுத்தவும் ஆயத்தமாயிருக்கவேண்டும்.