முடி வளராத குழந்தை: காரணம் காண்பது எவ்வாறு?

குழந்தைக்கு முதல் முடி இறக்குவது நமது கிராமங்களில் வழிவழியாக வரும் வழக்கம். இறக்கிய முடி சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடுவதே இயல்பு. மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு அது முளைப்பதே இல்லை. வேண்டுதலில் குறை என்றும், மழித்த கத்தியின் குற்றம் என்றும், தாயின் தோஷம் என்றும் அப்போது பலர் பலவாறு கூறுவர். இவற்றுள் எதுவும் உண்மையன்று. காரணம் குழந்தையின் உடலுக்குள் இருக்கிறது. அதைக் கண்டறிய முறையும் இருக்கிறது.

குழந்தைகளின் முடி உதிர்வு பெரும்பாலும் பரம்பரையால் வருவதன்று என்பதை முதலில் அறிதல் வேண்டும். தலையில் செதிலும் அரிப்பும் தோன்றி முடி ஒடிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். வழவழப்பான வட்ட வழுக்கை விழுந்தால் பெரும்பாலும் புழுவெட்டு. இவ்விரண்டுக்கும் சிகிச்சை உண்டு. இவை அல்லவென்று தெளிந்த பின்னரே பரம்பரைக் காரணங்களை ஆராய வேண்டும்.

அப்பொழுது மருத்துவர் மூன்று கேள்விகளைக் கேட்பார். முடியின்மை எந்த வயதில் தொடங்கியது? உடலில் வேறு குறிகள் உண்டா? குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இவ்வாறு உண்டா?

பிறந்த சில மாதங்களில் முடி முழுவதும் உதிர்ந்து, புருவமும் இமைமயிரும் அருகி, பின்னர் முகத்திலும் முழங்கையிலும் முழங்காலிலும் சிறு பருக்கள் தோன்றுமாயின், ‘ஏட்ரிக்கியா’ என்னும் பரம்பரை நோயை ஐயுறலாம். முதல் முடி உதிர்ந்தபின் மயிர்க்காலின் அடிப்பகுதி சிதைந்துவிடுவதால் புதிய முடி உண்டாவதில்லை. குழந்தையின் அறிவுக்கும் வளர்ச்சிக்கும் குறைவில்லை. எட்டாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுதே இதற்குக் காரணம். பாகிஸ்தானில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்த அறிஞர்கள் 1998-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டனர். இந்நோயைப் புழுவெட்டு எனப் பிழையாகக் கருதி, ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பதும் உண்டு. அதனால் பயன் ஏதுமில்லை, தீங்கே விளையும்.

ஆயினும் இதே தோற்றத்துடன் வேறொரு நோயும் வரும். வைட்டமின் ‘டி’யை உடல் ஏற்காத ஒருவகை ரிக்கெட்ஸ் நோயில் முடியும் உதிரும், கால்களும் வளையும். ஆகவே இத்தகைய குழந்தைக்கு இரத்தத்தில் கால்சியத்தின் அளவையும் மணிக்கட்டின் எக்ஸ்ரேயையும் பார்ப்பது அவசியம். தக்க அளவில் கால்சியம் அளித்தால் முடி வளராவிடினும் எலும்பைக் காப்பாற்றலாம்.

முடி உதிர்வுடன் தோலில் தடிப்பும் வலிப்பும் சோர்வும் காணப்பட்டால் பயோட்டினிடேஸ் என்னும் நொதியின் குறைபாட்டை எண்ண வேண்டும். பயோட்டின் என்னும் வைட்டமினை நாள்தோறும் கொடுத்தால் குழந்தை நலம் பெறும். தாமதித்தால் செவியும் கண்ணும் நிலையாகக் கெடக்கூடும். தாய்ப்பால் மறந்த சில வாரங்களில் வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு ஆகியன தோன்றினால் துத்தநாகச் சத்தை உடல் ஏற்கும் திறனில் குறையுள்ளதா என்று ஆராய வேண்டும். துத்தநாக மருந்து இதற்கு நல்ல பயனளிக்கும். மெல்லிய முடியுடன் கூரிய பற்களும் வியர்வையின்மையும் உள்ள குழந்தையைக் கோடை வெயிலினின்று கருத்தாகக் காத்தல் வேண்டும். வியர்வை இல்லாததால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

பரம்பரை என்றதும் தாயைக் குறை கூறுவது அறியாமை. ஏட்ரிக்கியா போன்ற நோய்களில் பழுதுபட்ட மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வருகிறது. அவர்களுக்கு நோய்க்குறி எதுவும் இராது. ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவுக்குள் மணம் புரிவோரிடம் இது மிகுதி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் இரத்த உறவினரையே மணந்தவர்கள். திருமணம் பேசுமுன் இதனைச் சிந்தித்தல் நலம்.

ஆகவே பெற்றோர்களே! ஒரு வயதுக்குப் பின்னும் குழந்தைக்கு முடி முளைக்காவிடில் எண்ணெய்க்கும் மந்திரத்துக்கும் பொருளைச் செலவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அவர்கள் சொல்லும் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். முடி வராது என்றே முடிவானாலும், தொப்பி அணிவித்துக் குழந்தையைத் தவறாது பள்ளிக்கு அனுப்புங்கள். அங்கு பிற மாணவர் ஏளனம் செய்யாதவாறு காப்பது ஆசிரியரின் கடமை.