கொம்பா, காலா?

கனிந்த வாழைத்தாரை மொய்க்கும் பழ ஈ 3 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதில் ஒரு விநோத ரகம் உண்டு. தலையில் உணர்கொம்புகள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் தொடை, முட்டி, நுனியில் நகம் என்று ஏறக்குறைய முழுக் கால்தான். நெஞ்சில் வேலை செய்யவேண்டிய ஆன்டெனபீடியா மரபணு தலையிலும் வேலை செய்ததன் வினை இது. 1987இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் குழுவினர் இதை வேண்டுமென்றே செய்துகாட்டினார்கள். வெப்பம் பட்டால் இயங்கும் சுவிட்சோடு அந்த மரபணுவை இணைத்துப் புழுக்களைச் சூடாக்கினார்கள். வளர்ந்த ஈக்களில் கொம்பு காலாகியிருந்தது.

அப்படியானால் இதுதான் கால் மரபணு என்று பட்டம் கட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

ஈ புழுவாக இருக்கும்போதே அதன் ஒவ்வொரு காலுக்கும் உடலுக்குள் ஒரு செல் தட்டு தயாராகிறது. தட்டின் நடுப்பகுதி காலின் நுனி. விளிம்பு, உடலோடு ஒட்டும் அடிப்பகுதி. ஒரு பக்கமிருந்து விங்லெஸ், மறுபக்கமிருந்து டெக்காபென்டாப்லெஜிக் என்ற இரு புரதங்கள் பரவுகின்றன. இரண்டும் சந்திக்கும் மையத்தில் டிஸ்டல்லெஸ் மரபணு இயங்கத் தொடங்குகிறது. அதைச் சுற்றி டாக்ஸ்ஹண்ட் மரபணுவின் வளையம்; இது கெட்டால் கால் குட்டையாகிவிடும், அதனால்தான் குட்டைக்கால் நாயின் பெயர். (ஈ ஆராய்ச்சிக்காரர்களின் குறும்புக்கு அளவே இல்லை.) விளிம்பில் ஹோமோதோராக்ஸ். கூட்டுப்புழுப் பருவத்தில் இந்தத் தட்டு, மடக்கு டம்ளரை இழுத்துவிட்டதுபோல் காலாக நீள்கிறது.

கொம்புக்கான தட்டிலும் இதே மரபணுக்கள்தான். ஆனால் அங்கே டிஸ்டல்லெஸ்ஸும் ஹோமோதோராக்ஸும் ஒதுங்கி நிற்பதில்லை, பல செல்களில் சேர்ந்தே இருக்கின்றன. ஹோமோதோராக்ஸ் இருந்தால்தான் எக்ஸ்ட்ராடென்டிகிள் என்ற இன்னொரு புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைய முடியும். இந்தக் கூட்டணி அமைந்தால் கொம்பு, உடைந்தால் கால். ஆன்டெனபீடியா செய்வது ஹோமோதோராக்ஸை அடக்குவதுதான். அதாவது, கொம்பு வராமல் பார்த்துக்கொள்கிறது. 1998இல் ஆய்வாளர்கள் பெர்னாண்டோ கசாரெஸும் ரிச்சர்ட் மன்னும் இதை நிறுவினார்கள். டிஸ்டல்லெஸ் இயல்பாகவே இயங்கும் ஆசனவாய்ப் பகுதியில் ஹோமோதோராக்ஸுக்கு இணையான எலி மரபணுவையும் இயக்கிவிட்டபோது, அங்கே போய் உணர்கொம்பு முளைத்தது!

வயிற்றில் கால் முளைக்காததற்கும் இப்படியொரு அடக்குமுறையே காரணம்: அல்ட்ராபைதோராக்ஸ் என்ற மரபணு அங்கே டிஸ்டல்லெஸ்ஸை இயங்கவிடுவதில்லை. இறால் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற குட்டி நீர்வாழ் உயிரியிலும் அல்ட்ராபைதோராக்ஸ் உண்டு. ஆனால் அதன் புரதத்துக்கு அந்த அடக்கும் வலு இல்லை. 11 ஜோடிக் கால்களை அடித்துக்கொண்டு ஆர்ட்டீமியா நீந்துகிறது.