மணிமாலைக் கணக்கும் ஒழுங்கற்ற மாதவிலக்கும்

1950-களின் தொடக்கத்தில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையுடன் டில்லி லோடி காலனியிலும் மைசூர் இராஜ்யத்தின் ராமநகரத்திலும் 'பாதுகாப்பான நாட்கள்' முறை சோதிக்கப்பட்டது. நாட்களை எண்ணப் பெண்களுக்கு வண்ண மணிமாலைகள் தரப்பட்டன. மணிகளின் எண்ணிக்கை மாறாது, மாதவிலக்கோ அவ்வாறன்று. சினைமுட்டை வெளிப்படுவது பெரும்பாலும் அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாட்களுக்கு முன்னராகும். 26 நாட்சுழற்சியில் அது 12-ஆம் நாளையும், 40 நாட்சுழற்சியில் 26-ஆம் நாளையும் ஒட்டி நிகழும். அடுத்த விலக்கு என்று வருமென அறியாதவள் எதைக்கொண்டு எண்ணுவாள்? விந்தணுவும் 5 நாட்கள் வரை உயிருடனிருக்கக்கூடும். ஆகவே, இத்தகைய பெண்ணுக்கு ஆபத்தற்ற நாள் என எதையும் குறித்துக்கொடுத்தல் தகாது. அவள் கருத்தரியாள் என்பதும் தவறே. விலக்குத் தள்ளிப்போனால் 'வழக்கந்தானே' என்று அவள் வாளாவிருந்துவிடலாம்; சிறுநீர்ச் சோதனைக்கு அவளை அனுப்புதல் ஊழியரின் கடமை.