பெண் கொடுத்து மீண்ட தென்காசி!

சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்களில் பலர் தென்காசி கோபுரத்தடியில் நின்று காற்று வாங்கிவிட்டுத்தான் போவார்கள். அந்தக் கோயிலைக் கட்டிய பாண்டியர் வீட்டுப் பெண் ஒருத்தி, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், துங்கபத்திரைக் கரையில் ஆண்ட விஜயநகரப் பேரரசர் அச்சுதராயருக்கு வாழ்க்கைப்பட்ட கதை உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது.

மதுரை கைவிட்டுப் போய்ப் பாண்டியர் பொருநைச் சீமைக்கு ஒதுங்கியது ஊரறிந்ததுதான். 1529-இல் கிருஷ்ணதேவராயர் மறைந்து தம்பி அச்சுதர் பட்டமேறினார். அப்போது பாண்டியர் நிலத்தில் ஒரு பகுதி 'திருவடி' எனப்பட்ட வேணாட்டரசர் கையில் இருந்தது. பேரரசோடு முறுக்கிக்கொண்ட அதன் தெற்கத்தி ஆளுநர் செல்லப்பன் அடைக்கலம் தேடி ஓடியதும் அதே திருவடியிடம்தான். தனியாக மோதப் பாண்டியருக்குத் தெம்பில்லை. விஜயநகரத்துக்கோ செல்லப்பனும் வேண்டும், கப்பமும் வேண்டும். 1532-இல் படை புறப்பட்டது.

அச்சுதர் ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார். தெற்கே படை நடத்தி வந்தவர் சலகராஜு திருமலர், பட்டத்து ராணி வரதாம்பிகையின் உடன்பிறந்தவர். திருவடி பணிந்தார். தாமிரபரணிக் கரையில் வெற்றித்தூண் நடப்பட்டது. பறிபோன நிலம் பாண்டியருக்குத் திரும்பியது; பாண்டியன் மகளை அச்சுதர் மணந்தார். கூடப் பிறந்தவளுக்கே சக்களத்தி வர வழிசெய்த மைத்துனர்! அந்தப்புரத்தில் அவருக்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்குமோ.

தோற்றுப்போன வீடு பெண்ணைக் கப்பமாகக் கட்டியது, அவ்வளவுதான் என்பாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் படையில்லாத சின்ன அரசவை, பெரிய வீட்டுச் சம்பந்தத்தை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரை அடக்கியது. தேர்ந்த ராஜதந்திரம் அது. 1534-இல் பட்டமேறிய ஸ்ரீவல்லப பாண்டியன் 'இறந்தகாலம் எடுத்தவன்', அதாவது போன காலத்தை மீட்டவன் என்று மெய்யாகவே பெருமை பேசிக்கொள்ள முடிந்தது. 1564-இல் அரியணை ஏறிய அதிவீரராம பாண்டியன் உட்கார்ந்து நைடதம் பாட ஒரு நாடு மிஞ்சியிருந்ததே, அதற்கும் இந்தக் கல்யாணத்தில் பங்கு உண்டு.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது? ராஜநாத டிண்டிமரின் அச்சுதராயாப்யுதயம் என்ற வடமொழிக் காவியம் ஒன்று. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் கல்வெட்டு இன்னொன்று. காவியத்தை விடுங்கள், அச்சாகிவிட்டது. கல்லை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. நம் பக்கத்துக் கோயில் சுவர்களை ஒருமுறை கிட்டே போய்ப் பாருங்கள். எழுத்துக்கு மேல் காவிப்பட்டை, அதன் மேல் போன கும்பாபிஷேகத்துப் பெயிண்ட், நடுவில் ஆணியடித்த சுவிட்ச் பெட்டி, பக்கத்தில் கொட்டை எழுத்தில் டியூப்லைட் உபயதாரர் பெயர். 1446-இல் காசி விஸ்வநாதர் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதைக் காப்பவர்கள் காலில் விழுகிறேன் என்று கல்லிலேயே வெட்டிவைத்தவர். அவர் விழுந்து கும்பிட்டது நம்மைத்தான்.

கல்வெட்டைப் படியெடுப்பது பெரிய வித்தையில்லை. கல்லைத் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகத் துலங்கும். பள்ளத்தைப் பெயிண்ட் அடைத்துவிட்டால் தாள் முழுக்கக் கறுப்புதான் வரும். தென்காசி வட்டாரத்தில் அடுத்த திருப்பணிக்குச் சாரம் கட்டுவதற்கு முன்னால், யாராவது ஒருவர் ஒரு கட்டுத் தாளோடு போய் நிற்க வேண்டும்.