கேபினுக்குள் ஒரு குடித்தனம்

கொஞ்ச வருஷம் முன்பு வரை தொப்பூர் கணவாயில் ஒரு விநோத ஊர்வலத்தைப் பார்க்கலாம். கதவில்லை, கூரையில்லை, பின்னால் பாரம் ஏற்ற இடமும் இல்லை. முகப்புத் தகடு, எஞ்சின், நீளமான இரண்டு இரும்புச் சட்டம், சக்கரங்கள், அவ்வளவுதான். மரப்பெட்டி ஒன்றைப் போட்டு அதன்மேல் டிரைவர் உட்கார்ந்திருப்பார். தலையோடு வாயையும் சேர்த்துத் துண்டால் சுற்றி, புழுதிக்கு ஒரு கண்ணாடி. ஓசூர் லேலண்ட் ஆலையிலிருந்து கிளம்பிய புதுச் சேஸி அது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் தாண்டி அது போய் நிற்கிற இடம் அநேகமாக நாமக்கல்லாகத்தான் இருக்கும்.

1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. ‘பாடி கட்டணும்னா நாமக்கல்’ என்ற பேர் அதற்கும் பல ஆண்டுகள் முந்தியது. சேஸி உள்ளே வந்தால் வெல்டிங் ஒருவர், தச்சு வேலை ஒருவர், டிங்கர் ஒருவர், வயரிங் ஒருவர், ரெக்ஸின் தைக்கிற குஷன்காரர், கடைசியில் பெயிண்டர் என்று கைமாறிக் கைமாறி ஒரு லாரியாக வெளியே போகும். லாரி என்று சொன்னாலும், அதன் முன்பாதி ஒரு வீடு. கிளம்பினால் ஊர் திரும்ப வாரக் கணக்காகும் என்ற நிலையில், டிரைவரின் சமையல், தூக்கம், சாமி படம், துவைத்த லுங்கி எல்லாம் அதற்குள்தான்.

வெள்ளைக்காரர்கள் ஊரில் சின்ன வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போவார்கள். வீட்டுக் கொல்லையிலேயே அதைக் கட்டிக்கொள்வதற்கான வரைபடங்களை அமெரிக்காவில் வாலி பயம் என்பவர் விற்று வந்தார். அந்த வியாபாரம் வளர்ந்து 1931இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனமானது. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்த பிறகு, நம் பக்கத்து இளைஞர்களுக்கும் பழைய வேனை வாங்கி உள்ளே கட்டில் போட்டுக்கொள்ளும் ஆசை வந்திருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் அதற்கு வழி கேட்டு வெளிநாட்டு வீடியோக்களில் மணிக்கணக்காகத் தேடுகிறவர்கள், சேலத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ் ஏறினால் கிடைக்கிற பாடத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஓடுகிற வண்டிக்குள் எது தாங்கும், எது தாங்காது என்பதை நாமக்கல் பட்டறைகளும் ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களும் சங்ககிரி லாரிக்காரர்களும் இரண்டு மூன்று தலைமுறையாகக் கைப்பட அறிந்திருக்கிறார்கள்.

முதல் எதிரி வெயில். சேலம், நாமக்கல் சமவெளியில் சித்திரை மாசத்து மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேலே சூரியன், காலடியில் எஞ்சின். கேபின் கூரைமேல் கம்பிச் சட்டம் அடித்து, தார்ப்பாயையும் கயிற்றையும் அதில் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வைக்க இடமில்லாமல் வைத்தது மாதிரி தெரியும். ஆனால் அது கேபினுக்கு ஒரு நிழல் பந்தலும்கூட. தார்ப்பாய்க்கும் தகரத்துக்கும் நடுவில் காற்று ஓடுகிறது, தகரம் நேராகச் சூடேறுவதில்லை. அதற்கு அடுத்தது வெள்ளைப் பெயிண்ட். கூரையின் வெளிப்புறத்துக்கு வெள்ளை அடிப்பதற்கு ஆகிற செலவில் அவ்வளவு குளிர்ச்சி தருவது வேறொன்றும் இல்லை. உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டுகிற பழக்கம்தான் எனக்குப் பிடிக்காதது. சூட்டைத் தடுக்கும், நிஜம். ஆனால் அது சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு. அதன் ஊடாகத்தான் விளக்குக்கும் ஃபேனுக்கும் வயர் ஓடுகிறது. வயர் எங்காவது உரசிப் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு ஒட்டுவது நல்லது. எஞ்சின் மூடிக்குக் கீழே நெருப்பைத் தாங்கும் மெத்தைதான் வேண்டும், பழைய கம்பளியும் கார்ப்பெட்டும் அங்கே ஆகாது.

வயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சொந்தமாகக் கைவைக்கிறவர்கள் அதிகம் கெடுப்பது இதைத்தான்.

கனரக லாரியில் ஓடுவது 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து அதைப் பெறுகிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிற பாட்டுப் பெட்டி, குட்டி ஃபேன், செல்போன் சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் கார் சாமான், அதாவது 12 வோல்ட். எனவே அவசரக்காரர் என்ன செய்கிறார்? இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயரை இழுத்து ஃபேனைச் சுற்ற விடுகிறார். சுற்றும். பல மாசம் ஒரு குறையும் தெரியாது. உள்ளே நடப்பது வேறு. ஃபேனுக்குக் கொடுக்கிற பேட்டரி ராத்திரியெல்லாம் இறங்குகிறது, பக்கத்துப் பேட்டரி முழுசாக நிற்கிறது. காலையில் ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகப் பாவித்துச் சார்ஜ் ஏற்றுகிறது. இறங்கிய பேட்டரிக்கு அது போதவில்லை, நிறைந்த பேட்டரிக்கு அதிகமாகிறது. ஒன்று என்றைக்கும் பசியோடு கிடக்க, மற்றொன்று கொதித்துத் தண்ணீர் வற்றுகிறது. கடைசியில் இரண்டும் சேர்ந்து போகின்றன. “பேட்டரி கம்பெனி சரியில்லைங்க” என்று சொல்லிக்கொண்டு புதுசு வாங்கி, அதிலும் ஒன்றிலிருந்தே மறுபடி வயர் இழுக்கிறவர்கள் உண்டு. 24ஐ 12 ஆக இறக்கித் தருகிற கன்வெர்ட்டர் பெட்டி ஒன்றை இரண்டு பேட்டரிக்கும் பொதுவாக மாட்டினால் இந்தத் தொல்லையே கிடையாது.

இன்னொன்று வயரின் கனம். வீட்டில் 60 வாட்ஸ் பல்பு கால் ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டி இழுக்கும். அதே 60 வாட்ஸை 12 வோல்ட்டில் ஓட்டினால் 5 ஆம்பியர். வோல்ட் குறைந்தால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் வயர் தடிக்க வேண்டும். வீட்டு வேலையில் மிஞ்சிய ஒல்லி வயர் சூடேறி உருகும். ஒற்றைக் கம்பி வயர் என்றால் ஆட்டத்திலேயே உள்ளுக்குள் முறிந்துவிடும். வண்டிக்குப் பல இழை முறுக்கிய வயர்தான். அது தகரத்தில் துளைபோட்டு நுழைகிற ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். ஃபியூஸ் எங்கே? பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே. ஃபேனுக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டு வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே கிடக்கும் பத்தடி வயருக்கு யார் காவல்?

இதே கணக்கு ஏ.சி.க்கும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு, வண்டி நிற்கும்போது பேட்டரியில் ஓடுகிற ஏ.சி.யைக் கூரையில் மாட்டிக்கொள்ளலாம் என்ற சபலம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு, 24 வோல்ட்: மொத்தம் 3,600 வாட்-அவர். சாதா லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 1,800. ஏ.சி. 800 வாட்ஸ் இழுத்தால் இரண்டேகால் மணி நேரம்தான். நள்ளிரவில் வியர்த்து எழுந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரும் முனகும். 25 வாட்ஸ் ஃபேன் எட்டு மணி நேரம் சுற்றினாலும் ஆகிற செலவு 200 வாட்-அவர். ஏ.சி. வேண்டுமென்றால் அதற்கென்று தனி பேட்டரி வைக்க வேண்டும், ஸ்டார்ட்டர் பேட்டரியைத் தொடவே கூடாது. ஃபேன் போதும் என்கிறவருக்குக் கூரையில் 100 வாட்ஸ் சோலார் பலகை ஒன்று தாராளம்.

ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வீட்டு அலமாரியைச் செய்கிற தச்சருக்கும் லாரிக்குப் பலகை அடிக்கிற தச்சருக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான். வீட்டில் பிளைவுட்டில் ஸ்க்ரூ முடுக்கினால் இருபது வருஷம் நிற்கும். வண்டியில் அதே ஸ்க்ரூ கொஞ்ச தூரத்திலேயே தன் துளையைத் தானே அகலப்படுத்திக்கொண்டு கழன்று விழும். பட்டறையில் ஸ்க்ரூவை நம்புவதில்லை. மறுபுறம் வரை துளைபோட்டு போல்ட், இரண்டு பக்கமும் வாஷர், ஸ்பிரிங் வாஷர், அதற்குமேல் டபுள் நட்டு. படுக்கைக்கு அடியில் இருக்கிற பெட்டியின் மூடிக்குக் காந்தப் பூட்டு வைத்தால் முதல் வேகத்தடையிலேயே திறந்துகொள்ளும். தாழ்ப்பாள்தான் வேண்டும். படுக்கை என்று சொன்னாலும் ஆறடி நீளத்துக்கு இரண்டடி அகலம்தான். அதன்மேல் ரெக்ஸின் போர்த்திய ஸ்பாஞ்சு. ரெக்ஸின் துடைக்கச் சுலபம், தூங்கக் கொடுமை. மேலே ஒரு பருத்தி விரிப்பைப் போட்டுக்கொள்ளாத டிரைவரை நான் பார்த்ததில்லை.

சமையல் கேபினுக்கு வெளியேதான் நன்றாக இருக்கும். பாடிக்குக் கீழே, பக்கவாட்டில் தொங்குகிற டூல் பாக்ஸ்தான் அடுப்படி. அதன் கதவை மேலிருந்து கீழாகத் திறக்கும்படி வைத்து, இரண்டு பக்கமும் சங்கிலி மாட்டினால் திறந்த கதவே காய் நறுக்குகிற மேடை. முன்பு பம்பு அடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு, இப்போது 5 கிலோ சிலிண்டர். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். எனவே சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடித்தட்டில்தான் காற்றுத் துளை போட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைத்துக் கேபினுக்குள் சிலிண்டரோடு தூங்குவது பெரிய ஆபத்து. தென்னிந்தியாவின் எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்துக்குத் தலைமையிடமே நாமக்கல்தான். அந்த டேங்கர்களை ஓட்டுகிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். பதினெட்டு டன் எரிவாயுவைச் சுமந்துகொண்டு போகிறவர், வண்டிப் பக்கத்தில் ஒரு டீ வைக்க முடியாமல் கடை தேடி நடக்கிறார்.

இதையெல்லாம் இன்னும் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் திருச்செங்கோடு போக வேண்டும். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளின் ஊர் அது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போய் மாசக் கணக்கில் வெளியே கிடக்கிற வண்டிகள். ரிக் முன்னால் போனால், ராடுகளைச் சுமந்துகொண்டு பின்னாலேயே ஒரு லாரி போகும். ஒரு ராடு இருபது அடி. ஆயிரம் அடி இறங்க ஐம்பது ராடு. அவற்றோடு கேசிங் பைப், டீசல், தண்ணீர், அரிசி மூட்டை. சமையல்காரர் உட்பட முழுக் குழுவுக்கும் அதுவே ஜாகை. பகலில் கனமான இரும்பு, ராத்திரி அதன்மேலேயே பாய். இங்கே எந்தச் சாமானுக்கும் ஒரே உபயோகம் கிடையாது. சின்ன கேரவன் கட்டுகிறவர் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்: உள்ளே ஏறுகிற ஒவ்வொன்றும் இரண்டு வேலை செய்யாவிட்டால் இறக்கி வை.

எடை என்பது லாரிக்காரருக்குக் காசு. 2018இல் அச்சுப் பார வரம்பைக் கூட்டியபோது, மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அந்த மொத்தத்துக்குள் வண்டியின் சொந்த எடையும் அடக்கம். கேபினில் அலங்காரத்துக்கு ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் சரக்கில் ஒரு கிலோ நட்டம். சொந்தக் காசில் சொந்த வேனைக் கட்டுகிறவருக்கு இந்த நினைப்பே இருப்பதில்லை. கிரானைட் மேடை, கண்ணாடி அலமாரி, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று அடுக்குகிறார். நூறு லிட்டர் நூறு கிலோ. ஓடும்போது தளும்பவும் செய்யும். ஐந்து இருபது லிட்டர் கேன்கள் அதைவிட மேல். பிரித்து வைக்கலாம், எந்தப் பெட்ரோல் பங்கிலும் நிரப்பலாம்.

எடையை எங்கே வைப்பது என்பதற்கு மோகனூர் சர்க்கரை ஆலைச் சாலையில் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்களைப் பார்த்தால் போதும். இரண்டு சக்கர டிரெய்லரில் கரும்பைப் பின்பக்கமாகக் குவித்தால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும், டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். கொஞ்சம் முன்பாரமாக ஏற்றுவது உழவருக்குப் பழக்கத்தில் வந்தது. காருக்குப் பின்னால் வீடு கட்டி இழுப்பவர்களும் இதையே சொல்கிறார்கள்: மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். ஃபிரிட்ஜையும் பேட்டரியையும் கடைசி மூலையில் தள்ளிவிட்டு நெடுஞ்சாலையில் எண்பதில் இழுத்தால், வால் நாயை ஆட்டும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. லாரிப் பாடிக்கும் கேபினுக்கும் இப்போது ஏ.ஐ.எஸ்.-093 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. பட்டறைக்காரர் மனசுக்குத் தோன்றியபடி கட்டிய காலம் முடிந்துவிட்டது. புது லாரிகள் பெரும்பாலும் ஆலையிலிருந்தே கேபினோடு வருகின்றன, நாமக்கல்லில் கட்டுவது பின்பாதிதான். பழைய கைத்தொழிலுக்கு இது அடி. டிரைவரின் பாதுகாப்பு என்று பார்த்தால், சோதித்து வந்த கேபின் மேல் என்றுதான் நான் சொல்வேன். பெட்டிக்கும் படுக்கைக்கும் அலங்காரத்துக்கும் பட்டறையில் இன்னும் வேலை இருக்கிறது.

டிரெய்லர் என்றால் அது தனி வாகனம். தனியாகப் பதிய வேண்டும், தனி நம்பர், பின்விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் வேண்டும். கொக்கியை வெல்டிங் வைத்துவிட்டு மறுநாளே ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. வேனுக்குள் கட்டுகிறவருக்கு வழி சுலபம். இருக்கையையும் சேஸியையும் தொடாமல், தரையில் ஏற்கெனவே இருக்கிற துளைகளில் நாலு போல்ட் போட்டு முடுக்கி, வேண்டாதபோது கழற்றி வீட்டுத் திண்ணையில் சாய்த்துவைக்கிற மாதிரி கட்டிலும் பெட்டியும் செய்யச் சொல்லலாம். வாடகை வண்டியாக இருந்தால் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்குமேல் வருஷா வருஷமும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். அந்த நாள் காலையில் கழற்ற அரை மணி, சாயங்காலம் மாட்ட அரை மணி.