கணுக்காலில் ஒரு கருப்புப் பெட்டி

போன வாரம் இறைச்சி ஆலையின் வாசலோடு நிறுத்தியிருந்தேன். இனி ஊருக்குள் போவோம்.

2008 மே 12, திங்கட்கிழமை காலை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் போஸ்ட்வில்லுக்கு மேலே ஹெலிகாப்டர் வட்டமடித்தது. ஊரின் மொத்த ஜனத்தொகையே இரண்டாயிரத்துச் சொச்சம்தான். யூதர்களுக்கான கோஷர் இறைச்சி தயாரித்த அக்ரிபிராசசர்ஸ் ஆலையைக் குடியேற்றத் துறை வளைத்தது. 389 பேர் கைது. பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். அவர்களை வாட்டர்லூ நகரத்தின் கால்நடைக் கண்காட்சித் திடலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வளாகத்து நடன அரங்கமே கோர்ட்டாக மாறியது.

பத்துப் பத்துப் பேராகச் சங்கிலியோடு நிறுத்தினார்கள். வேலையில் சேரக் காட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்பு எண்ணாகப் பிறருடையதைப் பயன்படுத்தியதாக வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து மாதச் சிறை, பிறகு நாடு கடத்தல். மறுத்து வழக்காடித் தோற்றால் குறைந்தது இரண்டு வருஷம். ஊரில் பிள்ளைகள் பசியோடு இருக்க, யார் இரண்டாவதைக் கேட்பார்கள்? அங்கே மொழிபெயர்க்கப் போன பேராசிரியர் எரிக் கமாய்ட் ஃப்ரெய்க்ஸாஸ் பிறகு மனம் பொறுக்காமல் எழுதினார்: அந்த எண் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியவில்லை என்று. மாயன் மொழி பேசி வளர்ந்தவர்களுக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி.

ஆலையை வளைத்த அன்று சாயங்காலத்துக்குள் போஸ்ட்வில்லின் செயின்ட் பிரிஜெட் ஆலயம் நிரம்பிவிட்டது. வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டுவார்களோ என்ற பயத்தில் நூற்றுக்கணக்கானோர் பெஞ்சுகளிலும் தரையிலும் படுத்தார்கள். அருட்சகோதரி மேரி மெக்காலி பொறுப்பேற்றார். ஓய்வு பெற்றுப் போயிருந்த பாதிரியார் பால் ஓடர்கெர்க் திரும்பி வந்தார். முதல் வேலை சோறு அல்ல, பட்டியல். யார் பிடிபட்டார், யாரை எங்கே வைத்திருக்கிறார்கள், யாருடைய பிள்ளை யாரிடம் இருக்கிறது?

பிள்ளை குட்டிகளோடு இருந்த பெண்கள் சிலரை வெளியே விட்டார்கள். விட்டார்கள் என்பது பெயருக்குத்தான். கணுக்காலில் கண்காணிப்புக் கருவி, கருப்பாக ஒரு சின்னப் பெட்டி. ஸ்பானிஷில் அதை ‘கிரியேத்தே’ என்பார்கள். கால்விலங்கு என்று அர்த்தம். செல்போன்போல அதற்கும் சார்ஜ் போட வேண்டும். சுவர் பிளக்கில் செருகிவிட்டு, ஒயர் எட்டும் தூரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை பார்க்கக் கூடாது. ஊரை விட்டும் போகக் கூடாது. அப்படியானால் வாடகையை யார் கட்டுவது?

ஆலயம் கட்டியது. வாடகை, மின்கட்டணம், மளிகை, வக்கீலிடம் போக வண்டி, எல்லாம். உதவி என்றதும் நம் மனசில் ஊர்வலமும் கோஷமும்தான் வருகின்றன. அதுவும் நடந்தது: ஜூலை 27 அன்று சிகாகோவிலிருந்தும் மினசோட்டாவிலிருந்தும் யூத அமைப்பினர் வந்து, சுமார் ஆயிரம் பேர் நடந்தார்கள். கோஷர் முத்திரை குத்திய ஆலையில் நடந்த கொடுமைக்காக யூதர்களே தெருவில் இறங்கியது சின்ன விஷயமல்ல. ஆனால் ஊர்வலம் ஒரு நாள். வாடகை மாதா மாதம். என் கணக்கில் வாடகைச் சீட்டுதான் பெரிய போராட்டம்.

2009 மே மாதம் வேறொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: அந்த எண் இன்னொரு மனிதருடையது என்று தெரிந்தே பயன்படுத்தினால்தான் கடுமையான அடையாளத் திருட்டுக் குற்றம் பொருந்தும். வாட்டர்லூவில் இரண்டு வருஷம் என்று காட்டிப் பயமுறுத்திய அதே பிரிவு. அதற்குள் போஸ்ட்வில் ஆண்களில் பெரும்பாலோர் ஐந்து மாதத்தை முடித்துக் குவாத்தமாலா போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

(தொடரும்)