நுரை வர நேரம் கொடுங்கள்

கடல்நீர் மீன்தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்கி வந்துவிட்டீர்களா? பெட்டியை அப்புறம் பிரிக்கலாம், முதலில் டீயைக் குடியுங்கள். இந்த டீ ஆறுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஸ்கிம்மர் ஒழுங்காக வேலை செய்யத்தான் ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

2019 டிசம்பரில் மெரினா கரையெங்கும் வெள்ளை நுரை ஒதுங்கி, பிள்ளைகள் அதில் குதித்து விளையாடியது செய்தியில் வந்ததே, நினைவிருக்கிறதா? கழிவுநீரோடு வந்த சோப்பையும் அழுக்கையும் அலை காற்றோடு சேர்த்து அடித்ததால் வந்த நுரை அது. உங்கள் ஸ்கிம்மர் அதே காரியத்தை ஒரு குழாய்க்குள் வேண்டுமென்றே செய்கிறது. மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, பவளங்கள் விடும் சளி எல்லாம் தண்ணீரில் கரைகின்றன. அவற்றிலுள்ள புரதம், கொழுப்பு போன்ற பல மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். விலகப் பார்க்கும் முனை காற்றுக் குமிழி கிடைத்தால் அதன் மேற்பரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். குமிழி பொடியாக இருக்க இருக்க உட்கார இடம் அதிகம். உப்புநீரில் பொடிக் குமிழிகள் எளிதில் ஒன்று சேர்ந்து பெரிதாவதில்லை. அதனால்தான் இந்தக் கருவி கடல்நீர்த் தொட்டிக்கே சரிவரும். வீட்டிலிருக்கும் தங்கமீன் தொட்டியில் போட்டால் வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

நைட்ரேட்டை இது எடுக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். எடுக்காது. அழுக்கு அழுகி அம்மோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே அதில் ஒரு பங்கை வெளியே தள்ளும், அவ்வளவுதான். அந்தப் பங்கும் நாம் நினைக்கும் அளவு பெரிதில்லை. அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009 வாக்கில் சில ஸ்கிம்மர்களைச் சோதித்துப் பார்த்தார். தண்ணீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 30 சதவீதம் வரைதான் அவற்றால் எடுக்க முடிந்தது. ஆகவே, அதிக விலை மாடல் வாங்கவில்லையே என்ற வருத்தம் வேண்டாம். வைக்கும் இடத்தையும் நீர்மட்டத்தையும் சரியாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

பெட்டியைப் பிரித்ததும் வினிகர் கலந்த தண்ணீரில் ஒருமுறை கழுவி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். தயாரிப்பின்போது பிளாஸ்டிக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு நுரையை எழவிடாது. கழுவினாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். உட்சுவரில் மெல்லிய உயிர்ப்படலம் படியும்வரை ஸ்கிம்மர் குணங்கெட்ட மாதிரிதான் நடந்துகொள்ளும். ஒருநாள் நுரையே வராது, மறுநாள் நுரை சேரும் கப் நிரம்பி வழியும். பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இனி நீர்மட்டம். எவ்வளவு ஆழத்துத் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். சம்ப்பில், அதாவது மீன்தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டியில், வைக்கும் பல மாடல்களுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர். தண்ணீர் அதைவிட ஆழமாக இருந்தால் ஸ்கிம்மருக்கு அடியில் ஒரு மேடை கொடுத்து உயர்த்துங்கள். எவ்வளவு என்பதைவிட அது மாறாமல் இருப்பதுதான் முக்கியம். தண்ணீர் ஆவியாகிக் குறைவது சம்ப்பின் கடைசி அறையில்தான், தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் இடத்தில், தெரியும். அங்கே ஸ்கிம்மரை வைத்தால் காலையில் ஒரு மட்டம், மாலையில் ஒரு மட்டம். நீங்கள் வால்வைத் திருகித் திருகி அலுத்துப்போவீர்கள். தடுப்புக் கண்ணாடியால் மட்டம் நிலைத்து நிற்கும் அறையில் வையுங்கள்.

வெளியேறும் குழாயிலுள்ள வால்வை மூட மூட உள்ளே தண்ணீர் ஏறும், திறந்தால் இறங்கும். முதலில் நன்றாகத் திறந்து வைத்து, படலம் படிந்து நிதானத்துக்கு வந்த பிறகு, குமிழியும் நுரையும் பிரியும் கோடு கப்பின் கழுத்து தொடங்கும் இடத்துக்கு வருகிற மாதிரி மெதுவாக மூடிக்கொண்டு வாருங்கள். ஒரு சின்னத் திருகல், அப்புறம் அடுத்த நாள்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அரைமணிக்கொரு தரம் திருகுகிறவர்களின் ஸ்கிம்மர் ஒருநாளும் நிலைக்கு வராது. எது எதனால் ஆனது என்று அவர்களுக்கே தெரியாது. கப்பில் சேர்வது உங்கள் கையிலுள்ள டீயைவிட வெளுத்திருந்தால் மட்டம் அதிகம். டிகாக்ஷன் மாதிரிக் கறுத்து, நாற்றம் குடலைப் பிடுங்கினால் நன்றாக வேலை செய்கிறது. இரண்டே மீன் இருக்கும் புதுத் தொட்டியில் கப் காலியாகவே கிடந்தால் எடுக்க ஒன்றுமில்லை என்று பொருள்.

தீனி போட்டதும் சிலமணி நேரம் நுரை படுத்துவிடும். தீனியிலுள்ள எண்ணெய்தான் காரணம், தானாக எழும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது நாளடைவில் மந்தமானால் முதலில் கழுத்தைப் பாருங்கள். அங்கே பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது. வாரம் ஒரு தடவையாவது துடைத்துவிடுங்கள். அடுத்தது காற்றுக்குழாய். அதன் வாயில் உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும், வெந்நீர் விட்டால் கரையும். பவளம் ஒட்டும் பசையோ மருந்தோ தொட்டியில் போட்ட அன்று கப் பொங்கி வழிவது சகஜம். கப்பைக் கழற்றி வையுங்கள்.

நம்மூரில் கரண்ட் போகுமே, அதற்கும் வழி செய்ய வேண்டும். மின்சாரம் நின்றதும் மேலே உள்ள மீன்தொட்டித் தண்ணீர் கொஞ்சம் சம்ப்பில் இறங்கி மட்டம் உயர்ந்துவிடும். கரண்ட் வந்த வேகத்தில் ஸ்கிம்மரும் ஓடத் தொடங்கினால் ஒருவாரம் சேர்ந்த கசடு மொத்தமும் வழிந்து தொட்டிக்கே திரும்பும். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் இருக்குமே, சில நிமிடம் தாமதித்து மின்சாரம் விடும் வசதி, அப்படி ஒன்றை ஸ்கிம்மரின் பிளக்குக்குப் போடுங்கள். அதற்குள் ரிட்டர்ன் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றிவிடும்.

இன்னொன்று. கப்பில் சேர்வது வெறும் அழுக்கில்லை, உப்புநீரும்தான். ஆவியாகும் நீரை ஈடுகட்டும் தானியங்கி டாப்-அப் கருவி அந்தக் குறைவை ஆர்.ஓ. நல்ல தண்ணீரால் நிரப்பும். மட்டத்தை உயர்த்தி நீர்த்த நுரையாக எடுக்கிறவர்களுக்கு உப்பு சத்தமில்லாமல் இறங்கும். உங்கள் தொட்டி 1.025 அடர்த்தியில் இருக்கிறது என்றால், ஸ்கிம்மர் மாட்டிய பிறகு வாரம் ஒருமுறை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். குறைந்திருந்தால் அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் கூடுதல் உப்போடு கலந்து ஊற்றலாம். ஒரே நாளில் ஏற்றிவிட வேண்டாம்.